சிறுமூளை பெட் படத்தில் ஒளி குறைந்தால் அது குணமா, இழப்பா? தன்னெதிர்ப்பு அட்டாக்ஸியாவில் பல படங்களைச் சேர்த்துப் படிப்பது பற்றி

சமநிலை (இழையைத் தொடங்கியவர்)

தன்னெதிர்ப்பு அட்டாக்ஸியா (உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுமூளையைத் தாக்கி, நடையும் பேச்சும் தடுமாறும் நோய்) உள்ள ஒரு நோயாளியின் இரண்டு பெட் படங்களை (மூளை எவ்வளவு குளுக்கோஸை ஏற்கிறது என்று காட்டும் அணுக்கதிர்ப் படங்களை) எதிரில் வைத்துக்கொண்டு மூன்று நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களைச் சுருக்கித் தருகிறேன்.

42 வயதுப் பெண். மூன்று வாரங்களுக்குள் நடை தள்ளாடி, பேச்சு குழறி, கட்டிலில் துணையின்றி உட்கார முடியாத நிலைக்கு வந்துவிட்டார். மூக்கைத் தொடச் சொன்னால் விரல் கன்னத்தைத் தாண்டிப் போய், அங்கிருந்து நடுங்கியபடி திரும்பி வரும். அட்டாக்ஸியாவின் கடுமையை அளக்கும் 'சாரா' அளவுகோலில் 40க்கு 21 (எண் கூடினால் நோய் கடுமை). அன்று எடுத்த எம்ஆர்ஐ இயல்பாக இருந்தது. தண்டுவட நீரில் 22 வெள்ளணுக்களும், அழற்சியின் அடையாளமான ஒலிகோகுளோனல் பட்டைகளும் இருந்தன. யோ, ஹு, ரி, டிஆர், ஜிஏடி65, எம்ஜிளூஆர்1 என்று இந்த நோயில் தேடப்படும் எதிர்ப்பொருள்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. கோதுமைப் புரதமான குளூட்டன் சார்ந்தவையும் இல்லை. முழு உடல் பெட்-சிடியில் புற்றுநோய்க்கான தடயம் இல்லை. ஆனால் அதே அமர்வில் எடுத்த மூளைப் படத்தில் சிறுமூளை, அதிலும் வெர்மிஸ் என்னும் நடுப்பகுதி, பெருமூளைப் புறணியைவிடப் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. அந்த ஒரு படம்தான் எங்கள் தயக்கத்தைப் போக்கியது. மெத்தில்பிரட்னிசலோன் நாளுக்கு 1 கிராம் வீதம் ஐந்து நாட்களும், அடுத்து இம்யூனோகுளோபுலினும் கொடுத்தோம்.

ஐந்து மாதங்கள் கழித்து அவர் கைத்தடியுடன் தானாகவே நடந்து வந்தார். சாரா 12. மறு பெட் எடுத்தோம். 'சிறுமூளையில் குளுக்கோஸ் ஏற்பு இயல்பைவிடக் குறைந்துள்ளது, சிதைவைக் கருத்தில் கொள்ள வேண்டும்' என்று அறிக்கை வந்திருக்கிறது. எம்ஆர்ஐயிலும் சிறுமூளை மடிப்புகளுக்கிடையே இடைவெளி சற்றுக் கூடியிருக்கிறது. அறிக்கையைப் படித்துவிட்டு அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "நான் நடக்கிறேன் டாக்டர், ஆனால் மூளை செத்துக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்களே, எதை நம்புவது?"

எரிந்துகொண்டிருந்த இடம் அணைந்திருக்கிறது. நெருப்பு அணைந்ததா, விறகு தீர்ந்ததா என்பதுதான் என் கேள்வி. அழற்சி தணிந்தாலும் ஏற்பு குறையும். பர்கிஞ்சி செல்கள் (சிறுமூளைப் புறணியின் முதன்மை நரம்பணுக்கள்) அழிந்தாலும் குறையும். ஒரே முறையில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரிக்க முடியாது என்றே தோன்றுகிறது. வேறு எந்தப் படங்களை, எந்த வரிசையில், எப்படிச் சேர்த்துப் பார்க்கிறீர்கள்?

அடுக்குப்படம்

கதிரியக்கவியல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முதல் எம்ஆர்ஐ இயல்பாக இருந்ததில் வியப்பில்லை. எம்ஆர்ஐ முதன்மையாகக் காட்டுவது வடிவத்தையும் நீர்ச்சத்தையும். செல் வேலையை நிறுத்திய பிறகு, அது மடிந்து, மடிந்த இடம் சுருங்கித்தான் வடிவம் மாறும். அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். தன்னெதிர்ப்பு அட்டாக்ஸியாவில் தொடக்க கால எம்ஆர்ஐ பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும் என்பதை ஒவ்வொரு பயிற்சி மருத்துவரிடமும் சொல்லிவருகிறேன். எம்ஆர்ஐ இயல்பு என்ற காரணத்துக்காக இந்த நோயை ஒதுக்கவே கூடாது.

அதற்காக அந்த எம்ஆர்ஐ வீண் என்று பொருளல்ல. அது மற்றவற்றை ஒதுக்கிக் கொடுக்கிறது. டிஃப்யூஷன் படத்தில் புறணி ஒளிர்ந்தால், மூளையை விரைவாகச் சிதைக்கும் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயை நினைக்க வேண்டும். காந்த ஏற்புத்திறன் படத்தில் சிறுமூளை மடிப்புகளின் மேல் கரிய கோடு ஓடினால் மேற்பரப்பு இரும்புப் படிவை நினைக்க வேண்டும். பான்ஸ் என்னும் மூளைத்தண்டுப் பகுதியில் சிலுவை வடிவம் தெரிந்தால் பலரும் உடனே எம்எஸ்ஏ (மூளையின் பல பகுதிகள் சிதையும் நோய்) என்று எழுதிவிடுகிறார்கள். அதே சிலுவை கேஎல்ஹெச்எல்11 என்ற இன்னொரு எதிர்ப்பொருள் உள்ளவர்களிடமும் பதிவாகியிருக்கிறது. ஆகவே அதை முடிவாகக் கொள்ளக் கூடாது.

இப்போது உங்கள் இரண்டாவது எம்ஆர்ஐ. மடிப்பிடைவெளி கூடியதைச் சிதைவு என்று எழுதும் முன் நான் ஒன்றைக் கேட்பேன்: முதல் படத்தில் சிறுமூளை உண்மையிலேயே இயல்பான அளவில்தான் இருந்ததா? அழற்சியின்போது திசு லேசாக வீங்கியிருக்கும். அந்த வீக்கம் கண்ணுக்குப் புலப்படாது, கன அளவில்தான் தெரியும். வீக்கம் வடிந்த பின் எடுத்த படத்தை வீங்கியிருந்த படத்தோடு ஒப்பிட்டால், இயல்புக்குத் திரும்பியதும் சுருக்கம் போலவே தெரியும். மேலும், அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்த சில மாதங்களுக்கு மூளையின் கன அளவே சற்றுக் குறைந்து காணப்படலாம். இரண்டு படங்களையும் சிறுமூளைக்கென்று உருவாக்கப்பட்ட வரைபடத்தில் பொருத்தி, வெர்மிஸ், அரைக்கோளம், மடல் என்று பிரித்து அளந்து பாருங்கள். நான் சூட் என்ற வரைபடத்தைப் பயன்படுத்துகிறேன். முழு மூளைக்கான பொது வரைபடங்கள் சிறுமூளை மடல்களைச் சரியாகப் பொருத்துவதில்லை.

அரைவாழ்வு

அணு மருத்துவத் துறையில் இருப்பவன் என்ற முறையில் அந்த அறிக்கையின் ஒரு சொல்லில் எனக்கு நெருடல் இருக்கிறது. 'இயல்பைவிடக் குறைந்துள்ளது' என்றால், எதனோடு ஒப்பிட்டு?

எஃப்டிஜி படத்தை (குளுக்கோஸ் போன்ற குறிபொருளைச் செலுத்தி எடுக்கும் இந்தப் பெட் படத்தை) அப்படியே எண்ணாக மாற்றுவதில்லை; மூளையின் ஏதோ ஒரு பகுதியை ஒப்பீட்டு அளவாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனால் வகுக்கிறோம். மறதிநோய்களுக்காக எழுதப்பட்ட மென்பொருள்களில் பல, சிறுமூளையையே அந்த அளவுகோலாக எடுத்துக்கொள்கின்றன, ஏனென்றால் அந்த நோய்களில் அது பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. சிறுமூளை நோய்க்கும் அதே மென்பொருளை ஓட்டினால் என்ன ஆகும்? சிறுமூளை இயல்பாகத் தெரியும், பெருமூளை முழுவதும் நோயுற்றது போலத் தெரியும். என் கண் முன்னாலேயே இப்படி ஓர் அறிக்கை வெளியே போக இருந்தது. தற்செயலாகக் கணக்கிடப்படாத மூலப் படத்தைப் பார்த்த ஒருவர்தான் தடுத்தார். நோயுள்ள உறுப்பையே அளவுகோலாக்கக் கூடாது என்பது எளிய விதி, ஆனால் மென்பொருளின் முன்னமைப்பில் அது மறைந்து கிடக்கிறது.

முழு மூளையின் சராசரியை அளவுகோலாக வைத்தாலும் சிக்கல் முழுவதும் தீர்வதில்லை. சிறுமூளையும் பெருமூளையும் நரம்புப் பாதைகளால் பிணைக்கப்பட்டவை. ஒரு பக்கப் பெருமூளை அடிபட்டால் எதிர்ப்பக்கச் சிறுமூளையின் ஏற்பு குறைவது 1980 முதலே அறியப்பட்ட ஒன்று. சிறுமூளை அடிபட்டால் எதிர்த்திசையிலும் அது நடக்கலாம். பான்ஸை ஓர் அளவுகோலாகவும், இயக்கப் புறணியை இன்னோர் அளவுகோலாகவும் வைத்து இரண்டு முறை கணக்கிடுங்கள். இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் மட்டுமே நம்புங்கள்.

இன்னும் மூன்று கேள்விகள். இரண்டாவது படத்தன்று இரத்தச் சர்க்கரை எவ்வளவு? நடுக்கத்துக்காக குளோனசபாம் கொடுக்கிறீர்களா? இரண்டு படங்களும் ஒரே இயந்திரத்தில் எடுக்கப்பட்டவையா?

காத்திருப்பவர்

நான் மருத்துவர் இல்லை. இந்த இழையில் எழுதலாமா என்று தயங்கிவிட்டே எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு இதே நோய். முதலில் தலைசுற்றல் என்றார்கள், பிறகு காதுக்கோளாறு என்றார்கள், பிறகு மன அழுத்தம் என்றார்கள். எம்ஆர்ஐ இயல்பு என்று வந்ததும், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று மாதங்களில் அவர் சுவரைப் பிடித்து நடந்ததும் போய், கரண்டியை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் ஆனார். மறு எம்ஆர்ஐயில் சுருக்கம் தெரிந்தது. அதன் பிறகுதான் இரத்தப் பரிசோதனை. யோ எதிர்ப்பொருள் இருந்தது. சினைப்பையில் கட்டி கண்டுபிடித்தார்கள். கட்டியை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. புற்றுநோய் திரும்பவில்லை, நடையும் திரும்பவில்லை.

என் கேள்வி இதுதான். நீங்கள் சொல்லும் இந்தப் படங்களையெல்லாம் முதல் வாரத்திலேயே எடுத்திருந்தால் அக்கா நடந்திருப்பாரா? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

தண்டுவடநீர்

காத்திருப்பவர் அவர்களுக்கு முதலில். தயங்காமல் எழுதியதற்கு நன்றி. நேர்மையான விடையைச் சொல்வது உங்களுக்கு நான் காட்ட வேண்டிய மரியாதை என்று கருதுகிறேன்.

யோ எதிர்ப்பொருளோடு வரும் சிறுமூளைச் சிதைவு இந்தக் குடும்பத்திலேயே கடுமையானது. கட்டியில் இருக்கும் ஒரு புரதம் பர்கிஞ்சி செல்லிலும் இருப்பதால், கட்டியைத் தாக்கக் கிளம்பிய டி செல்கள் சிறுமூளையையும் தாக்குகின்றன. செல்லே அழிந்துபோகிறது என்பதால், சீக்கிரம் கண்டுபிடித்தவர்களில்கூடப் பலருக்கு நடை முழுமையாகத் திரும்புவதில்லை. முதல் வாரத்தில் சிகிச்சை தொடங்கியிருந்தால் இழப்பு ஓரளவு குறைந்திருக்கக்கூடும். நடந்திருப்பார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் மறு எம்ஆர்ஐக்காகக் காத்திருந்தது சரியில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. முதல் எம்ஆர்ஐ இயல்பு என்று தெரிந்த நாளிலேயே தண்டுவட நீரும் எதிர்ப்பொருள் பரிசோதனையும் கேட்டிருக்க வேண்டும்.

இதையொட்டி மற்றவர்களுக்கும் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். படங்களை எத்தனை வகையாகச் சேர்த்தாலும் சிகிச்சையை அவற்றுக்காகத் தள்ளிப்போடக் கூடாது. பெட் எடுக்க நாள் கிடைக்கவில்லை என்றால், வாரக்கணக்கில் வேகமாக மோசமாகும் நோயாளிக்கு ஸ்டீராய்டைத் தொடங்கிவிட்டுப் பிறகு படத்தை எடுங்கள். சிறுமூளைக்கு ஈடுகட்டும் இருப்பு உண்டு. செல்கள் எஞ்சியிருக்கும்வரைதான் அந்த இருப்பு நமக்குக் கைகொடுக்கும்.

சமநிலை அவர்களின் கேள்விக்கு வருகிறேன். விறகு தீர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால் விறகையே எண்ண வேண்டும். அதற்கு மிக அருகில் வரும் கருவி எம்ஆர் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி, அதாவது திசுவிலுள்ள வேதிப்பொருள்களை எம்ஆர் இயந்திரத்தால் அளக்கும் முறை. என்-அசிட்டைல் அஸ்பார்டேட் என்ற பொருள் பெரும்பாலும் நரம்பணுக்களில்தான் இருக்கிறது; அதை கிரியாட்டினோடு விகிதமாக எடுத்தால் நரம்பணுக்களின் நலன் தெரியும். ஷெஃபீல்டில் மரியோஸ் ஹட்ஜிவாசிலியூ குழுவினர் குளூட்டன் அட்டாக்ஸியாவில் பல ஆண்டுகளாக வெர்மிஸில் இந்த விகிதத்தை அளந்துவருகிறார்கள். குளூட்டனைக் கண்டிப்பாகத் தவிர்த்தவர்களிடம் விகிதம் உயர்ந்ததையும் காட்டியிருக்கிறார்கள். இறந்த செல் திரும்பி வராது. ஆகவே விகிதம் உயர்ந்தது என்றால், தாழ்ந்திருந்தபோதே அதில் ஒரு பகுதி இறப்பைக் குறிக்கவில்லை, செயலிழப்பைக் குறித்தது என்று பொருள். இதைவிட நம்பிக்கையூட்டும் செய்தி இந்தத் துறையில் எனக்குத் தெரியாது.

பெட் குறைந்து, என்-அசிட்டைல் அஸ்பார்டேட் நிலைத்திருந்தால் அழற்சி தணிந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து சரிந்தால் செல்கள் போய்க்கொண்டிருக்கின்றன. அதனால்தான், மறு பெட்டைவிட மறு ஸ்பெக்ட்ரோஸ்கோப்பிக்கே நான் முதலிடம் கொடுப்பேன். கதிர்வீச்சும் இல்லை.

சமநிலை

அரைவாழ்வு கேட்டவற்றைத் தேடிப் பார்த்தேன், பார்க்கப் பார்க்கக் கவலை கூடியது. முதல் படம் பெட்-சிடியில் எடுத்தது. இரண்டாவது, கதிர்வீச்சு குறையட்டும் என்று எண்ணி பெட்-எம்ஆரில் எடுத்தது. இரண்டாவது படத்தின்போது அவர் குளோனசபாம் எடுத்துக்கொண்டிருந்தார், முதலில் இல்லை. சர்க்கரை இரண்டு முறையும் 110க்குக் கீழ்தான். அறிக்கை முழு மூளைச் சராசரியை அளவுகோலாக வைத்து எழுதப்பட்டிருக்கிறது.

சுழற்சி

இயற்பியல் பின்னணியில் இருந்து வருகிறேன். இயந்திரம் மாறியது என்பதுதான் என் பார்வையில் இங்கே முதன்மையான செய்தி.

உடலுக்குள்ளிருந்து வரும் காமாக் கதிர்களில் ஒரு பகுதி எலும்பிலும் திசுவிலும் உறிஞ்சப்பட்டுவிடும். எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று கணக்கிட்டு ஈடுசெய்தால்தான் பெட் எண் சரியாகும். பெட்-சிடியில் எலும்பின் அடர்த்தியைச் சிடி நேரடியாகத் தருகிறது. வழக்கமான எம்ஆர் படத்திலோ எலும்பு கிட்டத்தட்டக் காற்றைப் போலவே கருமையாகத் தெரியும். தொடக்க கால பெட்-எம்ஆர் முறைகள் எலும்பை மென்திசு என்றே எண்ணிக் கணக்கிட்டன. அதனால் மண்டையோட்டை ஒட்டிய பகுதிகளில் ஏற்பு உண்மையைவிடக் குறைவாகவே வந்தது. சிறுமூளை உட்கார்ந்திருக்கும் குழியைச் சுற்றிலும் தடித்த எலும்பு இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எலும்பையும் கணக்கில் கொள்ளும் புதிய முறைகள் வந்துவிட்டன. உங்கள் நிலையத்தில் எது ஓடுகிறது என்று கேளுங்கள். மூலத்தரவு சேமிக்கப்பட்டிருந்தால், நோயாளியை மறுபடி அழைக்காமலே, பழைய சிடியைப் பொருத்தி மறுகணக்கிட முடியும்.

இன்னொரு குறைப்பும் இருக்கிறது. சிறுமூளைப் புறணியின் மடிப்புகள் மிக மெல்லியவை. அதைப் பிரித்து விரித்தால் பெருமூளைப் புறணியின் பரப்பில் ஏறக்குறைய 78 விழுக்காடு வரும் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்தது. அவ்வளவு பெரிய விரிப்பு ஒரு கைப்பிடிக்குள் மடிந்து கிடக்கிறது. பெட் கருவியின் பிரிதிறன் 4 முதல் 6 மில்லிமீட்டர். ஆகவே ஒவ்வொரு பெட் புள்ளியும் புறணியையும் வெண்பொருளையும் மடிப்பிடை நீரையும் கலந்துதான் காட்டுகிறது. மடிப்பிடைவெளி சற்றே அகன்றால் நீரின் பங்கு கூடும். செல்கள் முன்போலவே வேலை செய்தாலும் எண் இறங்கும். இதைத் திருத்த அதே சமயத்தில் எடுத்த நுண்ணிய எம்ஆர்ஐ வேண்டும். படங்களைச் சேர்ப்பது என்பதற்கு என் அகராதியில் இதுதான் பொருள்: ஒன்றின் பிழையை மற்றொன்றைக் கொண்டு திருத்துவது. அடுத்தடுத்து ஒட்டிவைத்துப் பார்ப்பதோடு அது முடிந்துவிடாது.

அரைவாழ்வு

சுழற்சி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். குளோனசபாம் பற்றி மட்டும் ஒரு வரி: அந்த வகை மருந்துகள் மூளை முழுவதும் குளுக்கோஸ் ஏற்பைக் குறைக்கும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் குறைக்காது. அடுத்த முறை மருத்துவரின் மேற்பார்வையில் நேரத்தைத் தள்ளி வைக்க முடியுமா என்று பாருங்கள். திடீரென்று நிறுத்திவிடக் கூடாது.

தண்டுவடநீர் அவர்களோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். மறு பெட் தேவையில்லை என்ற தொனியை நான் ஏற்கவில்லை. எதிர்ப்பொருள் கிடைக்காத இந்த நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கும் துணிவைக் கொடுத்தது முதல் பெட்தான். நோய் மறுபடி கிளம்பினால், அறிகுறி தெளிவாவதற்கு முன்பே சிறுமூளை மீண்டும் ஒளிரக்கூடும். தவிர, முழு உடல் படத்தை எப்படியும் திரும்ப எடுக்கத்தான் வேண்டியிருக்கும். அபாயம் மிகுந்த எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு, கட்டி கிடைக்காவிட்டால் 4 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுகள்வரை தேட வேண்டும் என்று, புற்றுநோயோடு வரும் இத்தகைய நரம்பு நோய்களுக்கான 2021இன் அளவுகோல் சொல்கிறது. படுக்கையில் ஏற்கெனவே படுத்திருக்கும் நோயாளிக்கு மூளைப் பகுதியையும் சேர்த்து எடுப்பதற்கு ஆகும் கூடுதல் நேரம் சில நிமிடங்கள்தான். மருந்து செலுத்திய பின் மங்கிய ஒளியில் பேசாமல் படுத்திருக்கச் சொன்னால் போதும்.

தண்டுவடநீர்

அந்தத் திருத்தத்தை ஏற்கிறேன். நான் சொல்ல வந்தது முன்னுரிமை பற்றி, விலக்குவது பற்றியல்ல. எதிர்ப்பொருள் இல்லாத இந்த நோயாளியிடம் புற்றுநோய்த் தேடலை எத்தனை முறை திரும்பச் செய்வது என்பது அவரவர் மதிப்பீட்டைப் பொறுத்தது.

அடுக்குப்படம்

ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியை எல்லோரும் எளிதாகக் கேட்கிறீர்கள்; எடுப்பவரின் பாட்டையும் சற்று எழுதிவிடுகிறேன். வெர்மிஸில், அளக்கும் இடத்தைக் குறிக்கும் ஒரு பெட்டியைப் படத்தின் மேல் வைக்க வேண்டும். பெட்டி நாலாம் வென்ட்ரிக்கிள் என்னும் நீர் நிறைந்த குழியைத் தொட்டால் நீர் கலந்துவிடும். எலும்பை நெருங்கினால் காந்தப் புலம் சீரற்றுப் போய், நிறமாலையில் 2.02 பிபிஎம்மில் கூர்மையாக நிற்க வேண்டிய என்-அசிட்டைல் அஸ்பார்டேட் முகடு பரந்து கரைந்துவிடும். தலை நடுங்கும் நோயாளியிடம் இது இன்னும் கடினம். முதல் முறை பெட்டியை எங்கே வைத்தோம் என்ற படத்தைச் சேமித்து, இரண்டாம் முறை அதே இடத்தில், அதே கோணத்தில், அதே இயந்திரத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விகிதத்தின் ஏற்ற இறக்கம் நோயுடையதா நம் கையுடையதா என்று சொல்ல முடியாது. வெர்மிஸில் ஒன்று, ஓர் அரைக்கோளத்தில் ஒன்று என்று இரண்டு பெட்டிகள் எடுத்தால் ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சியாகும்.

பெட் கிடைக்காத இடங்களுக்காக இன்னொன்று. டெக்னீசியம் கொண்டு எடுக்கும் ஸ்பெக்ட் படமும் சிறுமூளையின் இரத்த ஓட்டக் குறைவைக் காட்டும். எம்ஆர்ஐ இயல்பாக இருந்தவர்களிடமும் அது பதிவாகியிருக்கிறது. தமனி இரத்தத்தையே குறியிட்டு எடுக்கும் ஏஎஸ்எல் முறைக்கு ஊசியே தேவையில்லை. ஆனால் முதுகெலும்புத் தமனி வளைந்து ஓடுபவர்களிடம் ஒரு பக்கம் குறியீடு சரியாக விழாமல், அந்தப் பக்கத்தில் ஓட்டம் குறைந்தது போலத் தெரியும். ஒருபக்கக் குறைவு என்றால் தமனிப் படத்தைப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

காத்திருப்பவர்

தண்டுவடநீர் ஐயாவுக்கு நன்றி. அக்காவிடம் படித்துக் காட்டினேன். 'அப்படியானால் நான் மெத்தனமாக இருந்ததால் இல்லை' என்றார். அந்த ஒரு வரிக்காக இரண்டு வருடம் காத்திருந்திருக்கிறார் என்பது எனக்கே இன்றுதான் தெரிந்தது.

சமநிலை (ஏழு வாரங்களுக்குப் பிறகு)

தாமதத்துக்கு மன்னிக்கவும். மூலத்தரவு இருந்தது. பழைய சிடியைப் பொருத்தி எலும்பைக் கணக்கில் எடுத்து, மடிப்பிடை நீருக்கும் திருத்தம் செய்து, பான்ஸையும் இயக்கப் புறணியையும் தனித்தனியே அளவுகோலாக்கி மறுகணக்கிட்டார்கள். அரைக்கோளங்களின் ஏற்பு இரண்டு கணக்கிலும் இயல்பின் கீழ் எல்லைக்குள் வந்துவிட்டது. வெர்மிஸின் மேற்பகுதி மட்டும் இரண்டிலும் குறைவாகவே நிற்கிறது. ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியும் அதையே சொல்கிறது: அரைக்கோளத்தில் விகிதம் அதே இயந்திரத்தில் எடுத்த இயல்பானவர்களின் அளவுக்கு நெருக்கமாக இருக்கிறது, வெர்மிஸில் தெளிவாகக் குறைந்திருக்கிறது. முதல் முறை ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி எடுக்காமல் விட்டது என் தவறு. அதனால் வெர்மிஸின் விகிதம் எங்கிருந்து எங்கே வந்தது என்று இப்போது சொல்ல முடியவில்லை. இன்றைய அளவையே தொடக்கமாக வைத்து ஆறு மாதம் கழித்து அதே பெட்டியில் மறுபடி அளப்போம்.

திருத்திய அறிக்கையை அவரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். கையை ஆளும் பகுதி பெரிதும் பிழைத்திருக்கிறது, உடம்பை நிமிர்த்தி நிறுத்தும் நடுப்பகுதியில் இழப்பு இருக்கிறது, அந்த இழப்பு எவ்வளவு நிலையானது என்பது அடுத்த அளவில்தான் தெரியும் என்று சொன்னேன். அவர் உடலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: கைத்தடி இல்லாமல் திரும்பினால் இன்னமும் சாய்கிறார், ஆனால் எழுதுகிறார். இரண்டு பெட் படங்களுக்கான ஒப்புதல் படிவங்களும் கோப்பில் அடுத்தடுத்து இருந்தன. முதல் படிவத்தில் கையெழுத்து கட்டத்தை விட்டு வெளியேறி, தேதிக்கு மேலே ஏறி, பக்க ஓரத்தில் பேனா இழுத்த கோடாக முடிந்திருந்தது. இரண்டாவதில் பெயர் முழுவதும் கட்டத்துக்குள் இருந்தது. கடைசி எழுத்து மட்டும் கோட்டை லேசாகத் தொட்டிருந்தது.

குளோனசபாமைக் குறைக்கத் தொடங்கியிருக்கிறோம். பி செல்களை ஒடுக்கும் மருந்தான ரிட்டுக்சிமாப் பற்றி அடுத்த வாரம் முடிவெடுப்போம்.